நாலு மணி நுரை

எண்ணெய்க் குழாயின் சிவப்புக் கைப்பிடியை பாய் திருகும் விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டு விரலால் ஒரு சின்னத் திருகு, அவ்வளவுதான். தொட்டியின் கண்ணாடி வட்டத்துக்குள் பொங்கி வரும் நுரை அப்படியே அடங்கிவிடும். செம்பட்டி சாலையில் இருந்தது எங்கள் ஆலை. தோல் பதனிடும் தோல்ஷாப்புகளில் தோலிலிருந்து முடியை நீக்க உதவும் என்சைமை, பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து எடுப்போம். பாய் தொட்டி ஆபரேட்டர், நான் ஆய்வகப் பொறுப்பாளர். மதிய ஷிப்டில் அந்தப் பெரிய கூடத்தில் நாங்கள் இருவர்தான்.

தொட்டிக்குள் இருக்கும் உயிர்களுக்கு மூச்சுதான் எல்லாம். அடியிலிருந்து வரும் காற்றைச் சுழலும் துடுப்பு பொடிக் குமிழிகளாக உடைத்துக் கலக்க வேண்டும். அப்போது நுரை கிளம்பும். எண்ணெய் விட்டால் அடங்கும். ஆனால் எண்ணெய் கூடிவிட்டால் குமிழிகள் ஒன்றுசேர்ந்து பெருத்து, கரையாமலே மேலே ஓடிவிடும். மேலே பார்க்க அமைதியாக இருக்கும், உள்ளே மூச்சு முட்டும். அதனால் ஆள் பக்கத்திலேயே நின்று சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும்.

பாயின் ஷிப்டில் மட்டும் என்சைம் குறைந்துகொண்டே வந்தது. பதிவுகளைப் புரட்டினேன். தினமும் நாலு மணிக்கு ஆக்சிஜன் கோடு சரிந்து, வெகுநேரம் எழவே இல்லை. மறுநாள் நின்று கவனித்தேன். நாலு மணிக்குச் சற்று முன்னால் எண்ணெயைத் தாராளமாகத் திறந்துவிட்டு, போனோடு வெளியே போனார் பாய்.

திரும்பி வந்ததும் கேட்டேன். "ஏன் பாய் இம்புட்டு எண்ணெய்?"

"நொர பொங்குச்சுன்னா பாதிப் பேச்சுல ஓடியாரணும் மேடம். அதான் மொதல்லயே அமுக்கிட்டுப் போறேன். துபாய்ல மகளுக்கு அந்நேரந்தான் செத்த ஓய்வு. நொரயே இல்லையே, நல்லாத்தான இருக்கு?"

அவர் எதையும் மறைக்கவில்லை. மனைவி போன பிறகு, ஒரே மகளோடு பேசும் அந்த இருபது நிமிடம்தான் அவருக்கு இருந்த துணை. அது எனக்கும் தெரியும். இருந்தும் எண்ணெயைப் பற்றி எழுதியதோடு நிற்காமல், 'இடத்தை விட்டுப் போகிறார்' என்றும் அறிக்கையில் சேர்த்தேன். என் கெட்டிக்காரத்தனம்! அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அங்கே வேலை முடியும்வரை போனை வாசலில் கொடுத்துவைக்க வேண்டும். அதை நான் யோசிக்கவே இல்லை.

பாயின் இடத்தில் எண்ணெய் விட ஒரு கருவி வந்தது. என்சைம் ஏறியது, எனக்குப் பாராட்டும் கிடைத்தது. கூடத்தில் துடுப்புச் சத்தத்தைத் தவிர எதுவும் இல்லை. "டீ ஆறுது மேடம்" என்று சொல்ல ஆளில்லை. ஒரு வருடத்தில் பாய் வேலையை விட்டார். இப்போதும் கருவியேதான் எண்ணெயைச் சொட்டவிடுகிறது. நாள் முழுக்க நான் யாரோடும் பேசாமலே வீடு திரும்புகிறேன்.

போன மாதம் பேகம்பூரில் பாயைப் பார்த்தேன். கோபமே இல்லாமல் சிரித்தார். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"நல்லாருக்கு மேடம். முன்ன மாதிரி தெனம் கூப்புடுறதில்ல. அத்தா எடுக்க மாட்டாருன்னு அதுக்குப் பழகிப்போச்சு."

இருபது நிமிடம்தான். அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நானே நின்றிருக்கலாம்.