திரைச்சீலைக் கடைக்காரரின் டீசல் வண்டி

திரைச்சீலைக் கடைக்காரருக்குக் கடைவீதியில் ‘இழுவை’ என்று பெயர். எந்தப் பேச்சை எடுத்தாலும் அதை வண்டியின் இழுவைச் சக்தியில் கொண்டுபோய் முடிப்பார். ஜன்னலுக்கு அளவெடுக்கப் போன வீட்டில்கூட, துணியை ஓரமாகப் போட்டுவிட்டு, சேற்றில் சிக்கிய வண்டியை டீசல் எப்படி நிதானமாக வெளியே கொண்டுவரும், பெட்ரோல் எப்படி வெறும் சத்தம் போடும் என்று கையை ஆட்டி விளக்குவார். இத்தனைக்கும் அவர் சேற்றில் கால் வைத்தது, வாசலில் தண்ணீர்க் குழாய் உடைந்த அன்று மட்டும்தான். அன்றும் செருப்பைக் கழுவியது மனைவி.

கடையின் பின்னறையில் மடிப்புத் தைத்துக்கொண்டிருக்கும் அந்த மனைவிக்கு ஒரே ஓர் ஆசை. மலைமேல், ஓடையைத் தாண்டி, தார் காணாத பாதையின் முடிவில் அவளுடைய அக்கா இருந்தாள். அக்காவின் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. மருத்துவர் கைவிரித்துவிட்டார். “முழுசா இருட்டறதுக்குள்ள உன் மூஞ்சிய ஒரு தடவ பாத்துடணும்டி” என்று அக்கா போனில் சொன்ன நாளிலிருந்து இவள் தைத்த மடிப்பெல்லாம் கோணலாகத்தான் வந்தது.

மலையடிவாரம் வரை பஸ்ஸில் வந்தால் தன் பழைய பெட்ரோல் ஜீப்பில் கூட்டிப்போவதாக அக்காவின் கணவர் சொன்னார். இழுவைக்குத் தன்மானம் பொத்துக்கொண்டு வந்தது. கதவைக் கயிற்றால் கட்டிய பெட்ரோல் டப்பாவில் தன் மனைவி ஏறுவதா? நம் வண்டி வரட்டும் என்றார். வண்டி வரவில்லை, ஆராய்ச்சிதான் வந்தது. டீசலா பெட்ரோலா என்று மாதக்கணக்கில் மாய்ந்துபோனார் மனிதர். அங்கே ஒருத்தியின் கண்ணில் வெளிச்சம் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது.

ஒருவழியாக ஷோரூமுக்குப் போனார்கள். தினமும் எங்கே ஓட்டுவீர்கள் என்று விற்பனைப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். ஊருக்குள் மட்டும் என்றால் பெட்ரோல் எடுங்கள் என்றாள். டீசல் வண்டியின் புகை வடிகட்டி, நெடுந்தூரம் ஓடிச் சூடேறினால்தான் படிந்த கரியை எரித்துச் சுத்தமாகுமாம். பக்கத்துத் தெருவுக்கே போய்வந்தால் அடைத்துக்கொள்ளுமாம்.

“என்னப் பாத்தா ஊருக்குள்ள சுத்தற ஆள் மாதிரியாம்மா இருக்கு?” என்றார் இழுவை.

காடு, மலை, ஆறு என்று அளந்து தள்ளினார். அருகில் இருந்த மனைவி, வீட்டுக்கும் கடைக்கும் நடுவே இருக்கிற இரண்டே தெருக்களை நினைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் ஆராய்ச்சி மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

டீசல் வந்தது. இரண்டு தெரு போனது, இரண்டு தெரு வந்தது. மலைக்கு என்றால், முதலில் டயர் மாற்ற வேண்டும் என்றார். அப்புறம் முன்பக்கக் கம்பி என்றார். ஒருநாள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கொன்று எரிந்தது. அது என்ன என்று அவள் கேட்டாள். சும்மா தகவலுக்காக எரிவது, உனக்குப் புரியாது என்றார். அது அணையவே இல்லை.

அக்காவுக்கு இப்போது ஆட்கள் நிழலாகத்தான் தெரிகிறார்கள் என்று செய்தி வந்த காலையில், அவள் தையல் மிஷினை மூடினாள். பையோடு போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டாள். இறங்கமாட்டாள் என்று தெரிந்ததும் இழுவை வண்டியை எடுத்தார்.

முதல் ஏற்றத்திலேயே வண்டி திணறியது. மஞ்சளோடு இன்னும் நாலு விளக்குகள் சேர்ந்துகொண்டன. கரி அடைத்த வண்டி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு நத்தையாக ஊர்ந்து, ஓடைக்கரையில் ஒரேயடியாக நின்றுவிட்டது. காடு மலைக்கென்று வாங்கிய வண்டி, காட்டைக் கண்டதும் படுத்துக்கொண்டது.

அவள் போன் செய்ததும், எதிர்க்கரையிலிருந்து பெட்ரோல் டப்பா ஓடையில் இறங்கி, தண்ணீர் தெறிக்க வந்து சேர்ந்தது. அக்காவின் கணவர் தலையை நீட்டினார்.

“என்ன சகலை, ஓடைக்குத் திரை போட அளவெடுக்கறீங்களா?”

இழுவையின் முகம் சிவந்தது. மனைவியின் கையைப் பிடித்தார். “அதுல ஏறாத. மெக்கானிக் வந்துடுவான். என் மானம் போயிடும்.”

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். “உங்க மானத்த அப்புறம் தேடிக்கலாங்க. அக்கா கண்ணு திரும்ப வராது.”

மேலே வீட்டில், அக்கா அவளை ஜன்னலோரம் இழுத்து, வெளிச்சத்துக்கு நேராக முகத்தைத் திருப்பி, மூக்கோடு மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“நரைச்சுப் போச்சேடி உனக்கு” என்றாள். மீதமிருந்த பார்வையையும் கண்ணீர் மறைக்க, அக்கா அவசரமாகத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

அதே நேரம் கீழே, வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப்போக வந்த லாரிக்காரரிடம், பெட்ரோலாக இருந்தால் இவ்வளவு தூரம்கூட வந்திருக்காது என்று விளக்கிக்கொண்டிருந்தார் இழுவை.