வெள்ளையில் ஒளிந்த ரேடியோ ரிப்பேர்

அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் வாயாடி. ஒரு விஷயத்தை ஒன்பது விதமாகச் சொல்லும் அந்த வாயையே அவள் பிழைப்பாக்கிக்கொண்டாள். கடைகளுக்கு இணையப் பக்கம் எழுதித் தரும் அலுவலகத்தில் வேலை. ஜனங்கள் எதைத் தட்டித் தேடுவார்களோ அதுதான் கீவேர்ட். அதைப் பக்கத்தில் அளவோடு கலக்க வேண்டும். அளவு என்று சொல்வது சுலபம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் முதலில் எழுதியது அண்ணன் கடைக்குத்தான். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தது அந்த ரேடியோ ரிப்பேர் கடை. அந்த நன்றியை ஒரே மூச்சில் தீர்த்துவிடும் வேகத்தில் வரிக்கு வரி ‘ரேடியோ ரிப்பேர்’ என்று திணித்தாள். போதாதென்று பக்கத்தின் அடியில், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக, அதையே அடுக்கிக்கொண்டே போனாள். மனிதர் கண்ணுக்குத் தெரியாது, தேடும் இயந்திரம் மட்டும் படித்துக்கொள்ளும் என்று கணக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள், மறைத்ததையும் மறந்தாள்.

கொஞ்ச நாள் கடை முதலிடத்தில் நின்றது. பிறகு தேடினால் ஆளையே காணோம். இப்படிப்பட்ட தில்லுமுல்லு பிடிபட்டால் இயந்திரம் தூக்கி எறிந்துவிடும். அண்ணன் கடையில் ஈ ஓட்டினான்.

“அடுத்த மாசம் கடைய மூடிடலாம்னு இருக்கேன்” என்றான் ஒருநாள். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பக்கத்தைப் பார்த்தாள். கண்ணில் பட்ட கீவேர்டை எல்லாம் களை பிடுங்கினாள். ஒன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் கடைக்கு ஒரு போன் வந்தது. அன்று கடையில் இருந்த அவள்தான் எடுத்தாள். பேசியவர் ஒரு பெரியவர். பழைய ரசீதில் இருந்த இணைய முகவரியைப் பார்த்து மகள் பக்கத்தைத் திறந்து கொடுத்தாளாம்.

“எனக்குப் பார்வை கிடையாதும்மா. போன்தான் வாசிச்சுக் காட்டும். எல்லாம் சொல்லி முடிச்சிட்டு, ‘ரேடியோ ரிப்பேர், ரேடியோ ரிப்பேர்’னு மந்திரம் மாதிரி ஓத ஆரம்பிச்சிடுச்சு. என் டீயே ஆறிப்போச்சு, போங்க!”

அவளுக்குச் சுரீரென்றது. உடனே அந்த வெள்ளை எழுத்துகளை அழித்தாள். அண்ணனிடமும் உள்ளதைச் சொன்னாள். அவன் திட்டுவான் என்று நினைத்தாள், அவனோ சிரித்துவிட்டான்.

“பேசித்தான் கொல்லுவேன்னு நினைச்சேன். எழுதியும் கொல்றியே!”

பக்கத்தை மறுபடி பரிசீலிக்கும்படி தேடும் இயந்திர நிறுவனத்துக்கு விண்ணப்பித்தாள். சில வாரங்களில் பக்கம் திரும்பி வந்தது. முதலிடமெல்லாம் இல்லை, நடுவில் எங்கோ. ஆனால் போன் அடித்தது. கடையை மூடும் பேச்சை அண்ணன் அதன்பின் எடுக்கவில்லை.

ஒருநாள் அந்தப் பெரியவரே ரேடியோவை நெஞ்சோடு அணைத்தபடி மகளுடன் வந்தார். அவள் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். மனத்தில் அரித்ததைக் கேட்டுவிட்டாள்.

“பாதியிலயே நிறுத்தியிருக்கலாமே, ஐயா? ஏன் முழுசா கேட்டீங்க?”

“ஒரே வார்த்தைய ஒருத்தர் இத்தனை தடவை சொன்னா, அங்க ஏதோ பெரிய கஷ்டம்னுதானேம்மா அர்த்தம்? நிறுத்த மனசு வரல. அதான் கூப்பிட்டேன்.”

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டபோது அவள் கண் நிறைந்துவிட்டது.

“கஷ்டம்தான் ஐயா” என்றாள். “நீங்க கூப்பிடலேன்னா எங்க அண்ணன் கடை போயிருக்கும்.”