பெற்றோர் குரூப்பில் வந்த வீடியோ

டீ மாஸ்டர் இருந்தார். பருத்தி புரோக்கர் அண்ணாச்சி இருந்தார். தீப்பெட்டி ஆபீஸுக்கு லோடு வண்டி ஓட்டுகிற என் மச்சான் இருந்தான். பேப்பர் படிக்க வருகிற ரிட்டையர்டு கண்டக்டர் இருந்தார். வெளிப் பெஞ்சில் நான் இருந்தேன். எட்டயபுரம் ரோட்டு டீக்கடை. மதியச் சூடு இன்னும் இறங்கவில்லை.

வீடியோவைப் போட்டது புரோக்கர். நான் வேன் ஓட்டிய தனியார் பள்ளிக்கூடத்தில்தான் அவர் பேரன் படித்தான். பெற்றோர் குரூப்பில் வந்திருந்தது. ஒரு பெண்பிள்ளை இங்கிலீஷ் புத்தகத்தை விரித்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு வார்த்தை வருகிறது. அடுத்த வார்த்தை பட்டர்ஃபிளை. ‘பட்… பட்…’ என்று அங்கேயே நின்றுவிடுகிறது. ‘ம், அப்புறம்?’ என்று மிஸ் குரல் கேட்கிறது. மறுபடியும் ‘பட்… பட்…’. பின்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

“நமுத்த சரவெடி மாதிரில்லா நின்னு நின்னு வெடிக்கு” என்றார் புரோக்கர்.

டீ மாஸ்டர் சிரித்தார். கண்டக்டர் இன்னொரு தடவை போடச் சொன்னார். மச்சான் எட்டிப் பார்த்தான். பார்த்ததும் கையை வைத்துப் போனை மூடினான்.

“அண்ணாச்சி, அத அமத்துங்க. அது அத்தான் மக.”

அத்தான் என்று அவன் சொன்னது என்னை. புரோக்கர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் டீயைக் குடித்து முடித்தேன். கிளாஸை வைத்தேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். வண்டியை எடுத்தேன்.

என் மகள் அப்போது நாலாவது. முன்னால் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வருவாள். அன்று வண்டிக்குள் பின்சீட்டுப் பிள்ளைகள் ஒருவன் விட்டு ஒருவன் ‘பட்… பட்…’ என்றார்கள். அவள் வெளியே பருத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அவர்களை அதட்டவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிறுத்தி இறக்கிவிட்டேன். எந்த வாசலில் எந்தப் பிள்ளை இறங்கியது என்று பார்த்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவள் வாய்விட்டு வாசிக்கவில்லை. இங்கிலீஷ் மட்டும் இல்லை, தமிழும் போனது. பஸ் போர்டை வாசி என்றால்கூட உதட்டை மடித்துக்கொள்வாள். அவள் அம்மா கெஞ்சிப் பார்த்தாள். வரவில்லை.

மறுநாள் கேட்டில் வைத்து அந்த மிஸ்ஸைக் கேட்டேன். சின்ன வயசு. ஆன்லைனில் ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்பு நடந்ததாம். வருட ஆரம்பத்தில் பிள்ளை வாசிப்பதை ஒரு தடவை பிடித்து வைக்க வேண்டும், கடைசியில் ஒரு தடவை பிடிக்க வேண்டும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வளர்ச்சி தெரியும் என்று அதில் சொல்லிக்கொடுத்தார்களாம்.

“நல்லதுக்குத்தாண்ணா செஞ்சேன். கடைசியா ஒண்ணு எடுத்துப் போட்டா, பிள்ள எம்புட்டு முன்னேறிருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்லா.”

அழிக்கச் சொன்னேன். என் கண் முன்னாலேயே அழித்தாள். அவள் போனில் மட்டும் அழிகிற மாதிரி அழுத்தியிருக்கிறாள். எல்லார் போனிலும் அது அப்படியே இருந்தது. அவளுக்குத் தெரிய வந்தபோது எல்லார் போனிலிருந்தும் அழிக்கிற நேரம் தாண்டிவிட்டது. ஆன்லைனில் அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போல.

தாளாளரிடம் போனேன். ஏசி ரூம். நான் நின்றேன்.

“ஏப்பா, நீ வண்டியப் பாரு. வகுப்ப மிஸ்மார் பாத்துக்கிடுவாவ. ஒம் பிள்ளைய இங்கன உக்கார வச்சதே பெருசு.”

சரி என்று வந்துவிட்டேன். அந்த வாரமே மகளுக்கு டிசி வாங்கி எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் சேர்த்தேன். வேன் சாவியை மட்டும் கொடுக்கவில்லை. வேலையில் இருந்தால்தான் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க முடியும் என்று தோன்றியது. ஒரு டிரைவர் கையில் வேறு என்ன இருக்கிறது? எந்த வீட்டுப் பிள்ளை, எந்த அம்மா, எந்த வாசல். அது இருந்தது.

அரசுப் பள்ளியில் டீச்சர் கோவில்பட்டியிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர். எங்கள் ஊரில் வீடியோ ஓடுகிற அளவுக்குச் சிக்னல் நிற்காது. அதனால் வீட்டிலேயே வீடியோக்களை இறக்கி பென் டிரைவில் கொண்டுவருவார். வகுப்பில் ஒரு டிவி இருந்தது, அதில் சொருகுவார். பாடப்புத்தகத்தில் கறுப்புக் கட்டம் போட்ட ஒரு சதுரம் இருக்கும். போன் கேமராவை அதன் மேல் காட்டினால் அந்தப் பாடம் ஓடும். நான் எட்டாவதோடு நின்றவன். அத்தனை நாள் அதை ஏதோ முத்திரை என்று நினைத்திருந்தேன். கதை சொல்கிற வீடியோ ஒன்று. குரல் எந்த வார்த்தைக்கு வருகிறதோ, அந்த வார்த்தை மஞ்சளாகும். பிள்ளைகள் கூடவே விரலை ஓட்டுவார்கள். அங்கேயும் பெற்றோர் குரூப் உண்டு. அதில் நாளைக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்பது மட்டும் வரும். எந்தப் பிள்ளை முகமும் வராது. மார்க்கும் வராது.

என் மகளைப் பற்றிச் சொன்னேன். டீச்சர் அவளை வாசிக்கச் சொல்லவே இல்லை. என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, ஆள் இல்லாத எடமா ஒண்ணு வேணும். போன அவ கையில குடுங்க. அவளே பேசி, அவளே கேக்கட்டும். பிடிக்கலன்னா அழிக்கட்டும். பிடிச்சா எனக்கு மட்டும் அனுப்பட்டும். நீங்க கேக்கக்கூடாது.”

எங்கள் வீடு ஒரே அறை. ஆள் இல்லாத இடம் என்றால் வேன்தான். சாயங்காலம் டிரிப் முடிந்தால் வண்டி எங்கள் வீட்டு முன்னால் நிற்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளிச்சத்தம் உள்ளே வராது. மகளை உள்ளே விட்டு, கதவைச் சாத்திவிட்டுத் தள்ளிப்போய் நிற்பேன். வண்டியின் பக்கவாட்டில் அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குள் உட்கார்ந்து அவள் வாசிப்பதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது.

முதலில் அனுப்பியதில் மூச்சு மட்டும்தான் கேட்டது என்று பின்னால் டீச்சர் சொன்னார். அதற்கும் பதில் போட்டாராம். அடுத்து ஒரு வரி. பிறகு ஒரு பாட்டு. நான் கண்ணாடி வழியாக உதடு அசைகிறதைப் பார்ப்பேன். அவள் அழிப்பதும் தெரியும், கட்டைவிரலை வேகமாகத் தள்ளுவாள். மழை பெய்து கரிசல் ஒட்டிய நாளில் வண்டி நகரவில்லை. அன்று இருட்டும்வரை உள்ளேயே இருந்தாள். இறங்கி வந்து, இங்கிலீஷ் கதை முழுசாக அனுப்பிவிட்டதாக அம்மாவிடம் சொன்னாள். என்னிடம் போனை நீட்டினாள்.

கேட்டேன். பட்டர்ஃபிளை அதில் இல்லை. அதைவிடப் பெரிய வார்த்தைகள் இருந்தன. நிற்காமல் போனது.

ஆனால் ஆள் முன்னால் இன்னும் இல்லை. விருந்தாளி வந்து வாசி என்றால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

பங்குனியில் அந்த மிஸ் வண்டிக்கு வந்தாள். தாளாளர் அட்மிஷன் நாளில் எல்லா வீடியோவையும் திரையில் காட்டப்போகிறாராம். முன்னால் இப்படி, இப்போது இப்படி என்று. குரூப்பில் எல்லாரும் பார்த்தது என் மகளுடையதைத்தான். அவளுடைய இரண்டாவது வீடியோ இருந்தால்தான் எடுபடுமாம்.

“வேற ஸ்கூல் போனா என்னண்ணா, நம்ம பிள்ளதானே? ஒரு நிமிசம் போதும். நல்லா வாசிக்கான்னு கேள்விப்பட்டேன்.”

கண் கலங்கித்தான் கேட்டாள். வேலை போய்விடும் என்ற பயம் இருந்திருக்கலாம்.

“இருக்கு” என்றேன். “தரமாட்டேன்.”

வண்டியைக் கிளப்பினேன். அவள் கதவைப் பிடித்திருந்த கையை எடுக்கும்வரை காத்திருந்தேன்.

கடைசி டிரிப் முடிந்ததும் தாளாளர் மேஜையில் சாவியை வைத்தேன். ஏன் என்று கேட்டார். வண்டியைப் பார்த்தாச்சு என்று சொன்னேன்.

சித்திரையில் அரசுப் பள்ளி டீச்சர்மார் பிள்ளை சேர்க்க வீடுவீடாகப் போவார்கள். வழக்கமாக அவர்கள் தட்டுவது தெரிந்த வீட்டுக் கதவை மட்டும்தான். இந்தத் தடவை நான் முன்னால் பைக்கில் போனேன். எங்கள் ஊர், பக்கத்து ஊர்கள் என்று வேன் நிற்கும் வாசல்களாகவே கூட்டிப்போனேன். மகள் பின்னால் உட்கார்ந்து வந்தாள். நான் கூப்பிடவில்லை, அவளாக ஏறிக்கொண்டாள்.

முதல் வாசல் ‘பட்… பட்…’ என்று முதலில் ஆரம்பித்தவன் வீடு. டீச்சர் புத்தகச் சதுரத்தைக் காட்டி, டிவியைப் பற்றிச் சொன்னார். அவன் அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

“எல்லாஞ் சரி டீச்சர். இங்கிலீசு வரணும்லா? அங்கன போனா பிள்ள வாயே தொறக்காதுங்காவ.”

சொல்லிவிட்டு என் மகளைப் பார்த்தாள். வீடியோவை அவளும் பார்த்தவள்தான். பையன் கையில் புத்தகத்தோடு நிலைக்கதவில் சாய்ந்து நின்றான். நான் போனைப் பையிலிருந்து எடுத்தேன். அதில் குரல் இருக்கிறது. போட்டுக் காட்டினால் போதும்.

மகள் என் கையைத் தள்ளினாள்.

“நா வாசிக்கேம்ப்பா.”

அவன் கையில் இருந்த அவனுடைய புத்தகத்தையே வாங்கினாள். அவள் அங்கே படித்த அதே நாலாவது இங்கிலீஷ் புத்தகம். பட்டர்ஃபிளை பக்கத்தை அவளே தேடி எடுத்தாள். தானாக வருகிற இடத்தில் அவன் முகத்தைப் பார்த்தும், பார்க்க வேண்டிய இடத்தில் புத்தகத்தைப் பார்த்தும் அந்தப் பக்கம் முழுவதும் வாசித்தாள். முடித்துப் புத்தகத்தைக் கொடுத்தாள்.

“இப்ப நீ வாசி” என்றாள் அவனிடம்.

அவன் வாசித்தான். நின்றான். அவன் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். என் மகள் சிரிக்கவில்லை. நான் கொஞ்சம் சிரித்தேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வாசலிலும் அவளே இறங்கினாள். எனக்கு வழி காட்டுகிற வேலை மட்டும்தான். புரோக்கர் வீட்டுக்கும் போனோம். அவர் வீட்டில் இருந்துகொண்டே வெளியே வரவில்லை. மருமகள்தான் பேசினாள். பேரன் பெயரைக் கொடுத்தாள்.

ஆனியில் அந்தப் பள்ளிக்கூடம் பிள்ளை போதாமல் ஒரு வகுப்பைக் குறைத்தது. அந்த மிஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கோவில்பட்டியில் ஒரு ஜவுளிக்கடை பில் கவுண்டரில் அவளைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். வருத்தம் வருமா என்று கொஞ்சநேரம் நின்று பார்த்தேன். வரவில்லை. தாளாளரைத்தான் நினைத்தேன். அவர் இன்னும் ஏசி ரூமில்தான் இருக்கிறார். அது எனக்குப் போதவில்லை.

மகளிடம் விவரம் சொன்னேன். அந்த மிஸ் பாவம் என்றாள். அது அவள் பாடு.

சேர்க்கை முடிந்த அன்று டீச்சர் போன் பண்ணினார். என் வண்டியில் ஏறியவர்களில் இங்கே வந்து சேர்ந்தவர்கள் எத்தனை என்று கேட்டேன்.

பதினேழு.