செம்புள்ளித் தண்ணீர்ப்பாம்பைப் பார்க்கப் போன கதை

காலை 6.10. போத்தனூரில் டவுன் பஸ் ஏறி, காந்திபுரத்தில் கோபிசெட்டிபாளையம் பஸ்ஸைப் பிடித்தேன். டிக்கெட் எழுபது ரூபாய். மடியில் என் நோட்டு. பள்ளி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் எனக்குத் தண்ணீர்ப்பாம்புகளின் நிறத்தையும் கட்டங்களையும் வரைந்து வைப்பது பதினைந்து வருடப் பைத்தியம். மஞ்சள், பச்சை, கட்டமே இல்லாதது, எல்லாம் வரைந்தாயிற்று. சிவப்புப் புள்ளி மட்டும் இல்லை.

முந்தின நாள் தோழி ஸ்டெல்லா போன் செய்திருந்தாள். கோபி பக்கம் அவள் ஊர் வாய்க்காலில் போட்ட மீன்வலையில் சிவப்புப் புள்ளிப் பாம்பு சிக்கியிருக்கிறது. பக்கத்து வயல்காரர் பழனிச்சாமி, கண்ணாடி விரியன் என்று தடியோடு வந்துவிட்டார். "நீ வார வரைக்கும் குடத்துல போட்டு மூடி வெச்சிருக்கறேன். வெரசா வந்துரு." புதிய துணையினமாக இருக்குமோ? வழியெல்லாம் அதற்கு என் பெயரையே வைத்துப் பார்த்தேன்.

9.20. கோபியிலிருந்து ஆறு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். பழனிச்சாமி குடத்தருகே காவல் நின்றார். "ஏனுங்க அம்மணி, கிட்டப் போவாதீங்க. விரியனுங்க!"

துணியை விலக்கினேன். வட்டக் கண்மணி, கண்ணுக்குக் கீழே சாய்வாக இரண்டு கறுப்புக் கோடுகள். விரியனுக்குக் கண்மணி கீற்றாக இருக்கும், முதுகில் சங்கிலி வளையம் இருக்கும். இதற்குக் கட்டம், நடுநடுவே சிவப்பு. நிறம்தான் வேறு, பாம்பு எல்லா வாய்க்காலிலும் இருப்பதுதான். துணையினமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"சாதாரணத் தண்ணிப்பாம்புதானுங்க. கண்ணுக்குக் கீழ ரெண்டு கோடு இருக்குது பாருங்க" என்றேன்.

"அப்பறம் என்னத்துக்குங்க வெச்சிருக்கோணும்? அடிச்சுப்போடலாமுங்க."

சுர்ரென்று ஏறியது எனக்கு. விரியன் என்றாலும் அடி, இல்லை என்றாலும் அடியா? "மொதல்ல என்னைய அடிங்க!" குடத்தைத் தூக்கி வாய்க்காலில் சாய்த்தேன். நன்றி கெட்டது, போகிற போக்கில் என் விரலைக் கவ்விவிட்டுப் போனது. ரத்தம் வந்தது.

"ஐயையோ, கடிச்சுப்போட்டுதுங்க! ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்கறனுங்க!"

துளி சந்தேகம் இருந்திருந்தால் நானே முதல் ஆளாக ஓடியிருப்பேன். இல்லை. இப்போது வண்டியில் ஏறினால் விரியன் என்பதுதான் ஊர்ப்பேச்சாகும். அப்புறம் இந்த வாய்க்காலில் ஒரு தண்ணீர்ப்பாம்பும் மிஞ்சாது. சோப்புப் போட்டு விரலைக் கழுவி மதகுச் சுவரில் உட்கார்ந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஊரே நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் திரும்ப வேண்டிய பதினொன்றரை மணி பஸ் போனது. வருகிறவர்கள் எல்லாம், "மயக்கம் வருதுங்களா?" என்றார்கள்.

"பசிதானுங்க வருது!" ஸ்டெல்லா சோறு கொண்டுவந்தாள்.

மாலை 4.00. பழனிச்சாமி இளநீரோடு வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தடி நுனியால் சேற்றில் சாய்வாக இரண்டு கோடு கிழித்தார்.

"கண்ணுக்குக் கீழ, இப்படிங்களா?"

"அப்படியேதானுங்க."

திரும்பும் பஸ்ஸில் வீங்கிய விரலோடு நோட்டில் எழுதினேன்: சிவப்புப் புள்ளி, கோபி வாய்க்கால், சாதாரணத் தண்ணீர்ப்பாம்பு, உயிரோடு போனது. 'சாதாரணம்' என்பதன் கீழே அழுத்தி இரண்டு கோடு போட்டேன்.