துவைக்காத பனியன்

இட ஒதுக்கீடு கேட்டு மரங்களை வெட்டிச் சாலையில் போட்ட வருஷம் அது. எங்கள் கள்ளக்குறிச்சிப் பள்ளிக் கபடி டீமின் சிறந்த ஆட்டக்காரன் சடையன், கல்வராயன் மலைப் பையன். ஜாதிச் சான்றிதழ் கிடைக்காததால், விளையாட்டுக் கோட்டாவில் கல்லூரி சீட்டு வாங்குவது ஒன்றுதான் அவனுக்கிருந்த வழி.

ஜெயித்த பனியன்களைத் துவைத்தால் ராசி போய்விடுமாம். வியர்வையோடு ஒருத்தர் போட்டதை ஒருத்தர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டோம்.

"துவைக்கலாம்டா, படை ஒட்டிக்கும்" என்றேன்.

"இன்னாடா டாக்டரு, தோத்தா நீ பதில் சொல்றியா?" என்றான் கேப்டன்.

மாவட்ட அணிக்கு ஆள் எடுத்தபோது சடையனின் முதுகைப் பார்த்த டாக்டர், "வட்ட வட்டமா படை இருக்குப்பா, மத்தவங்களுக்கும் ஒட்டிக்கும். நீ ஆடக் கூடாது" என்று அனுப்பிவிட்டார்.

"மலைக்காரன் குளிக்கவே மாட்டான், அதான்" என்றான் கேப்டன். அவனுக்கும் இடுப்பில் படை. டாக்டர் அங்கே பார்க்கவில்லை; அவன் தேர்வானான்.

ஒரு கட்டி சோப்பில் முடிந்திருக்க வேண்டியது. அதில் சடையனின் கல்லூரி சீட்டே போனது.