மிஞ்சிப்போன வாஷர்

ராயப்பேட்டையில் எங்கள் சந்தில் இருக்கும் ஷரீஃப் பாயின் சைக்கிள் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. பழைய சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பைத் திறந்தால், கழற்றிய சாமான்களை அதே வரிசையில் துணியில் பரப்புவார். திரும்பப் பூட்டி முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். மகள் வஜீஹா கொண்டுவரும் டீ பக்கத்திலேயே ஆறிக் கிடக்கும். ஐம்பத்தெட்டு வயதில் இத்தனை பிடிவாதமா என்று பக்கத்து ரெடிமேட் கடைக்காரன் பொன்ராஜ், அதாவது நான், எத்தனையோ தடவை சலித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் அந்தச் சட்டத்தை உடைத்ததும் நான்தான். காற்றில் என் கடைப் பலகை கழன்று ஒரு பக்கமாகத் தொங்கியது. “பாய், ஒரு கை பிடியும்” என்று கத்தினேன். அவர் ஒரு பச்சை லேடீஸ் சைக்கிளின் முன் ஹப்பைப் பாதி பூட்டியிருந்தார். அப்படியே எழுந்து வந்தார். பலகையைக் கட்டிவிட்டுப் போய் மிச்சத்தைப் பூட்டினார். அதற்காகக் காத்திருந்த அம்மாவும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கால் மணி நேரம் கழித்துப் பாய் துணியை உதறினார். உள்பக்கம் சின்ன நாக்கு வைத்த வாஷர் ஒன்று கீழே விழுந்தது. அதையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு பாய் என் கடைக்கு ஓடிவந்தார்.

“அண்ணாச்சி, வண்டிய எடு. இது இல்லாங்காட்டி உள்ள அச்சுல கீற கோனு நட்டு தானா இறுகிக்கினே போவும். சக்கரம் டக்னு நின்னுக்கும். அந்தம்மா கொட்டிவாக்கம் போவுது. அடையாறு பாலத்துல, பின்னால பஸ்ஸு வரசொல்ல நின்னுச்சுன்னா...”

“போன் போடும்.”

“நம்பர் இல்ல.”

“பேரு?”

“தெரியாது.”

பதினோரு வருஷமாக வருகிற அம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாயைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தேன்.

லஸ்ஸில் மெட்ரோ வேலைத் தடுப்பு. வண்டி ஊர்ந்தது. பாய் போக்குவரத்துக் காவலரிடம் கேட்டார். “சார், பச்சை லேடீஸ் சைக்கிள். முன் சக்கரத்துல முப்பத்திரெண்டு கம்பி. இப்டி போச்சா?”

“கம்பிய எண்ணவாய்யா நிக்கறேன்? ஆள் எப்டி இருப்பாங்க?”

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்த மனிதருக்குச் சக்கரம் தெரியும், ஏறி உட்காருகிறவர் முகம் தெரியாது. நான்தான், “ஐம்பது வயசு, கண்ணாடி, ஊதா சுடிதார்” என்றேன். காவலர் மந்தைவெளிப் பக்கம் கைகாட்டினார்.

பின்னால் இருந்த பாய் என் தோளைப் பிடித்த பிடியில் எலும்பு வலித்தது.  அந்தப் பாழாய்ப்போன பலகை விழுந்தே தொலைந்திருக்கலாம்.

பாலம் ஏறுகிற இடத்தில் கண்டோம். அந்த அம்மா எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. ஸ்கூட்டர் நிற்பதற்குள் பாய் குதித்து ஓடி, சைக்கிள் கேரியரைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

“யாருய்யா அது? விடு!” என்று திரும்பியவர், “பாய், நீங்களா?” என்றார்.

பாய் கேரியரை விட்டுவிட்டு முன்பக்கம் வந்தார். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டார். அரைச் சுற்றுகூட வரவில்லை, நின்றுவிட்டது.

“மந்தைவெளி தாண்டினதுமே இறுகலாத்தான் இருந்துது. நீங்க கை வெச்ச வண்டியாச்சே, அப்படித்தான் இருக்கும்னு இன்னும் அழுத்தி மிதிச்சேன்” என்றார் அந்த அம்மா.

பாய் பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார். விட்டுப்போன வாஷரை அந்த அம்மாவிடம் காட்டிவிட்டு, ஹப்பைத் திறந்து அதைப் போட்டுப் பூட்டினார். “நான் கூப்பிட்டதாலதானே பாய்” என்றேன். “நீ கூப்ட்ட. வுட்டுட்டு வந்தது நானு” என்றார். பிறகு அந்த அம்மாவை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்து, “பேரு இன்னாம்மா?” என்று கேட்டார்.

“ஜலஜா.”

அவர் ஏறப் போனபோது பாய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

“சக்கரத்தைத் தூக்கிச் சுத்திப் பாத்துட்டு ஏறும்மா.”

“அதான் நீங்க பாத்துட்டீங்களே.”

“நா பாத்ததாலதாம்மா சொல்றேன்.”