உளூ தங்காத உடம்பு

மூத்தவனைப் பெற்றபோது எனக்கு மலவாசல் வரை கிழிந்தது. தையல் போட்டார்கள், ஆறிவிட்டது என்றார்கள். ஆனால் அன்றிலிருந்து காற்றை அடக்க முடியாது. சில நாள் காற்றோடு மற்றதும் வந்துவிடும். இதை எழுதவே இத்தனை காலம் பிடித்திருக்கிறது, அப்போது யாரிடம் சொல்ல?

நாற்பது நாள் முடிந்து குளித்து, தொழ நின்ற முதல் நாளே மூன்று தடவை காற்றுப் பிரிந்து உளூ முறிந்தது. ஒவ்வொரு தடவையும் போய் முகம் கைகால் கழுவி உளூ எடுத்து வந்து நின்றேன். நாலாவது தடவை குனிந்ததும் மறுபடி போனது. முசல்லா விரிப்பைச் சுருட்டி வைத்துவிட்டேன். இப்படி நோய் வருத்தம் உள்ளவர்களுக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது என்று பின்னால்தான் அறிந்தேன். அறிய வேண்டுமானால் வாயைத் திறந்து கேட்டிருக்க வேண்டுமே.

"இன்னம் தொழல்லயா மகள்?" என்று உம்மா கேட்டார்.

"இன்னம் ரெத்தம் நிக்கல்ல" என்று பொய் சொன்னேன். இரத்தம் நிற்கும்வரை பெண்ணுக்குத் தொழுகை இல்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தாலும் பெண் தாயின் வீட்டில்தான் இருப்பாள். அந்தப் பொய்யோடு ஒரே கூரையின் கீழ் குடியிருந்தேன். வீட்டுக்கு வந்த மருத்துவமாது விசாரித்தபோதும், உம்மா பக்கத்தில் இருந்ததால் அதையே சொன்னேன். அவர் அட்டையில் இரத்தப்போக்கு என்று எழுதி, இரும்புச்சத்து மாத்திரை தந்துவிட்டுப் போனார். கெட்டிக்காரி நான்! பொய் பழசானதும் தொழுகை வக்து தவறாமல், தொழுவதுபோலக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது வயிற்றில் ஏழு மாதமானபோது, வயிற்றைக் கீறி எடுப்பதா தானாகப் பெறுவதா என்று கட்டாரில் இருக்கும் கணவரிடம் கேட்டேன். "உம்மாட்டக் கேளு" என்று போனை வைத்தார். உம்மாவிடம் பதில் தயாராக இருந்தது. "கீறினா மூத்தவனத் தூக்க ஏலா. சுகமாப் பெத்துக்க."

மட்டக்களப்பில் கிளினிக்குக்கு உம்மாவும் வந்தார். டொக்டர் அட்டையைப் பார்த்தார்.

"போன முறை பெரிய கிழிவு. இப்ப ஒரு கரச்சலும் இல்லயெண்டா தானாப் பெறலாம். வாயு, மலம் அடக்க ஏலாம இருந்தா ஒப்பரேஷன்தான் நல்லம். திரும்பக் கிழிஞ்சா இன்னும் மோசமாகும். உங்களுக்கு எப்பிடி?"

"ஒண்டும் இல்ல டொக்டர், நல்லாத்தான் இரிக்கா" என்றார் உம்மா.

தலையாட்டியிருந்தால் வேலை முடிந்தது. எனக்கு வயது இருபத்தேழு. இன்னும் எத்தனை வருடம் துணி மாற்றிக்கொண்டிருப்பேன் என்று நினைத்தேன். வெட்கத்தை விடப் பயம் பெரிதாக இருந்தது.

"இரிக்கி டொக்டர். காத்தும் நிக்கிறல்ல, மத்ததும் நிக்கிறல்ல. மூத்தவன் பொறந்ததிலரிந்து இப்பிடித்தான். ரெத்தமெண்டு சென்னது பொய்."

உம்மா பக்கம் நான் திரும்பவில்லை. டொக்டர் ஒப்பரேஷனுக்கு நாள் குறித்தார். இது இருக்கிறதைக் காப்பாற்றுமே தவிர, போனதைத் திருப்பித் தராது என்றும் சொன்னார்.

வெளியே வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்ததும் உம்மா என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஆம்புளைக்கு முன்னால செல்ற கதையா இது? எனக்கும் இரிக்கி. உன்னப் பெத்ததிலரிந்து இரிக்கி. நான் ஆருக்கும் சென்னனா?"

இருபத்தேழு வருடம். எனக்கு உம்மாவைப் பிடித்து உலுக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. பிறகு அழுகைதான் வந்தது.

"உம்மா, உள்ளுக்கு வாங்க. டொக்டருக்கிட்ட நீங்களும் காட்டுங்க."

உம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"எனக்கு என்னத்துக்கு மகள்? நான் இனிப் புள்ளப் பெறப் போறனா?"